இரண்டாவது சாக்கு

நாமக்கல் பஸ் நிலையத்தில் அத்தாயிக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவள் சன்னலோரம் எவ்வளவு ஒடுங்கிக்கொண்டாலும், ஏறுகிறவர்கள் காலியாக இருக்கும் மீதி இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். காரவள்ளி தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். முதல் வளைவிலேயே மலைக்காரப் பெண்கள் எழுந்து வந்து, "தள்ளு அத்தாயி" என்று அவளை ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். எழுபது வளைவுகளிலும் பஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும்போது மற்றவர்கள் இருக்கையில் வழுக்கி அல்லாடுவார்கள். அத்தாயியின் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் ஆடாமல் அசையாமல் வருவார்கள். "இவகிட்ட உக்காந்தா வளைவே தெரியாது" என்பாள் அம்சவேணி. கேட்கும்போதெல்லாம் அத்தாயிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்த வியாழக்கிழமை பஸ்ஸில் அம்சவேணி இல்லை. அருவி பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம்தான் அதிகம். எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மாள், சேலத்துக்காரி போலிருந்தது, ஒரு பாட்டிலில் கரைத்து வைத்திருந்த மாவுக் கஞ்சியைக் குடிப்பதும் மடியிலிருந்த பாக்கெட்டைப் பார்ப்பதும் அத்தாயியைப் பார்ப்பதுமாக வந்தாள். பன்னிரண்டாம் வளைவு வரை பொறுத்தாள்.

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இது நீங்கதானுங்களே?"

அத்தாயி எட்டிப் பார்த்தாள். பளபளக்கும் பச்சை உறை. மேலே பெரிய எழுத்தில் 'கொடியிடை' என்றும் கீழே 'கொல்லிமலை சத்துமாவு' என்றும் போட்டிருந்தது. அதற்கும் கீழே இரண்டு படங்கள். இடதுபக்கப் படத்தில் மஞ்சள் சேலையில் வாய்விட்டுச் சிரித்தபடி அவளே இருந்தாள். 'முன்பு, 92 கிலோ.' வலதுபக்கம் நீலச் சுடிதாரில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவள் தங்கை கலைச்செல்வி. 'பின்பு, 52 கிலோ. மூன்றே மாதத்தில்.' இரண்டு படத்துக்கும் சேர்த்து ஒரே பெயர்: அத்தாயி, கொல்லிமலை.

"எளைச்சுட்டு மறுபடியும் ஒடம்பு போட்டுட்டீங்களாட்டம் இருக்குது" என்றாள் அந்த அம்மாள், நிஜமான கவலையோடு. "மாவை நிறுத்திட்டீங்களா?"

"அது என் தங்கச்சிங்க."

"அப்ப இது?"

"இது நானுங்க."

அந்த அம்மாள் பாக்கெட்டை ஒரு தடவை திருப்பினாள். "அப்ப இந்த மாவு?"

"அதை வறுக்கறதும் நான்தானுங்க."

அந்த அம்மாள் பாட்டிலை மூடிப் பையில் வைத்தாள். அதற்கப்புறம் அத்தாயி பக்கம் திரும்பவில்லை. சோளக்காட்டில் இறங்கும்போது, மீதி மாவை வேறு கவரில் கொட்டிக்கொண்டு உறையை மட்டும் அவளிடம் நீட்டினாள். கேட்காமலே கொடுத்தாள். அத்தாயி அதை நான்காக மடித்து, மடியில் இருந்த புதுக் கயிற்றுச் சுருளுக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

அந்தக் கயிறு காளியம்மன் கோயில் தராசுக்கு. மறுநாள் வெள்ளிக்கிழமை அத்தாயியின் எடை போடும் நாள்.

அத்தாயி பிறந்தபோது ஒரு பலாக்காய்ப் பிஞ்சுக் கனம்கூட இல்லை. பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்டார்கள். அப்பா செங்கோடன்தான் வளப்பூர் நாட்டின் அந்தச் சின்ன ஊரில், வேங்கை மரத்தடிக் காளியம்மன் முன்னால் விழுந்து வேண்டினார். பிள்ளை தங்கிவிட்டால் மூன்று வருஷத்துக்கு ஒருதடவை அவள் எடைக்கு எடை சாமை போடுகிறேன் என்று. மூன்று வயதில் முதல் எடை. பதினோரு கிலோ. அந்தப் பதினோரு கிலோவை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்புறம் ஒவ்வொரு தடவையும் எடை ஏற ஏற, ஊரே கூடி நின்று பார்க்கும். மரக்கிளையில் தொங்கும் தராசின் ஒரு பலகையில் மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலையோடு அத்தாயி உட்காருவாள். மறு பலகையில் அப்பா படி படியாக அளந்து சாமையைக் கொட்டுவார். சாமை ஏறி அவள் பலகை தரையை விட்டு எழும்பும்போது பெண்கள் குலவை போடுவார்கள். அன்றைக்கு ஊர் முழுக்க அந்தச் சாமையில்தான் சோறு. மிச்சம் வீட்டுக்கு வீடு பங்கு. அதனால் அத்தாயி எவ்வளவு கனக்கிறாளோ அவ்வளவுக்கு ஊருக்கு நல்லது. "சாமி, இந்தத் தடவை எங்களுக்குக் கூடக் கொஞ்சம் தின்னுட்டு வா" என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் முள் இருக்காது.

முள் மலைக்குக் கீழே இருந்தது. இருபத்து மூன்று வயதில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செல்வமும் மலைக்காரன்தான், ஆனால் ராசிபுரத்தில் லாரி ஓட்டினான். பரிசம் போட்டுக் கூட்டிப்போன முதல் வாரம் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் சந்தைக்குப் போகும்போது கவனித்தாள். செல்வம் நாலு அடி முன்னால் நடந்துகொண்டிருந்தான். அவள் வேகமாக எட்டு வைத்தால் அவனும் வேகமாக வைத்தான். அவள் நின்றால், அவன் கடைப் பலகையைப் படிப்பதுபோல நின்றான். பதினோரு மாதம் அந்த நாலு அடியை அவளால் கடக்க முடியவில்லை. ஒருநாள் அவன் நடந்துபோகட்டும் என்று விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிக் காரவள்ளி பஸ் ஏறினாள். செங்கோடன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துக் கல்யாணத்தை அறுத்துவிட்டார். "எம்புள்ள கனம் தாங்கற தரை இங்கதான் இருக்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அத்தாயி ஒன்பது வருஷம் வாழ்ந்திருக்கிறாள்.

இன்னொரு துணை தங்கை. கலைச்செல்விக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். அத்தாயிக்கு அப்போது பதினைந்து. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பானையில் சோறு குறைந்த நாட்களில் தங்கை தட்டில் ஒரு கரண்டி கூடப் போடுவாள். தனக்கு மரவள்ளிக் கிழங்கு போதும் என்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து சேந்தமங்கலத்தில் ஹாஸ்டல். மாதம் ஒருமுறை அத்தாயி சாமைச் சோறும் மிளகுக் குழம்பும் கட்டிக்கொண்டு, சமயத்தில் ஒரு முழுப் பலாப்பழத்தையும் தலையில் வைத்துக்கொண்டு கீழே இறங்குவாள். அவள் தலை தெருமுனையில் தெரிந்ததுமே கலை ஓடிவருவாள். கேட்டுக்கு வெளியிலேயே அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். உள்ளே வரச்சொல்லக்கூடத் தோன்றாத அளவுக்கு அவசரம். வாட்ச்மேன்கூட ஒருதடவை சொன்னார், "இப்படி ஓடிவர்ற புள்ளையை நான் பாத்ததில்லீங்க" என்று.

படித்து முடித்து வந்த கலைதான் ஊரிலிருந்த பதினொரு பெண்களைச் சேர்த்து மாவுக் குழுவை ஆரம்பித்தாள். ராகியும் சாமையும் பலாக்கொட்டையும் வறுத்து, சுக்கும் மிளகும் சேர்த்து அரைக்கிற சத்துமாவு. கலைக்கு ஃபோன் பேசத் தெரியும், படம் எடுக்கத் தெரியும். அத்தாயிக்கு வறுக்கத் தெரியும். பலாக்கொட்டையை எப்போது இறக்குவது என்பதை அவள் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. வாசனை ஒரு நொடி இனிப்பாக மாறும். அந்த நொடியில் சட்டி அடுப்பை விட்டு இறங்கியாக வேண்டும். மற்றவர்கள் வறுத்தால் ஒன்று பச்சை வாடை, இல்லாவிட்டால் கருகல். ஆறு மாதத்துக்கு முன் சேலத்திலிருந்து ரமேஷ்குமார் என்ற வியாபாரி வந்தார். மாவை மூட்டையாகவே வாங்கிக்கொண்டார். உறை அடிப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அந்த உறை எப்படியிருக்கும் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை.

அந்த உறைதான் இப்போது அவள் மடியில்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அத்தாயி படத்தைத்தான் நினைத்தாள். மஞ்சள் சேலை. போன எடை நாளில் எடுத்தது அது. அப்பா கொட்டிய கடைசிப் படியில் தராசு நூல் பிடித்தாற்போல் நின்றதே, அந்த நொடியில் சிரித்த சிரிப்பு. கயிற்றையும் பலகையையும் மரத்தையும் வெட்டிவிட்டு அவளை மட்டும் வெள்ளையில் உட்கார வைத்திருந்தார்கள். எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாத ஒருத்தி. அந்தப் படம் ஒரே ஒரு ஃபோனில்தான் இருந்தது.

வீட்டு வாசலில் செங்கோடன் உட்கார்ந்து தராசின் பழைய கயிற்றுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கயிறு முறுக்குக் கலையாமல் நன்றாக இருந்தது.

"கயிறு இத்துப் போச்சுதுன்னு சொல்லித்தானுங்களே என்னை நாமக்கல்லுக்கு அனுப்புனீங்க" என்றாள் அத்தாயி.

"ஒண்ணு கூட இருக்கட்டும் சாமி." அவர் நிமிரவில்லை.

அவள் உள்ளே பார்த்தாள். கோயிலுக்கு எடுத்துப்போகச் சுவரோரம் சாமைச் சாக்கு வைத்திருந்தது. ஒரே ஒரு சாக்கு. ஐம்பது கிலோ பிடிக்கும். இன்னொன்று பரண் அடியில் குருணைச் சாக்கோடு சேர்ந்து கிடந்தது.

"சாக்கு ஒண்ணுதான் எடுத்து வெச்சிருக்கீங்க. எனக்கு ரெண்டு வேணுமேங்க."

செங்கோடன் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"இந்தத் தடவை சின்னவ உக்காரட்டும் கண்ணு. சாமிக்கு ரெண்டு பேரும் எம்புள்ளைகதானே. அந்தச் சேலத்துக்காரரு இன்னைக்கு வந்திருந்தாரு. நாளைக்குப் படம் புடிக்கிறாராம். கலையைப் பலகைல உக்கார வெச்சு, அத்தாயி இப்ப இவ்வளவுதான் இருக்குதுன்னு காட்டோணுமாம். காட்டுனா மாவு நல்லாப் போகுமாம். குழுவுக்கு நல்லதுதானே."

"என் வேண்டுதலுங்கப்பா."

"வேண்டுனது நானு சாமி." குரல் கொஞ்சம் ஏறி, உடனே இறங்கிவிட்டது. "ஊரு ஒலகம் பாக்கற படம். மலைக்காரன் ஊட்டுப் புள்ள தராசுல உக்காந்து... பாக்கறவன் சிரிச்சா எனக்குப் பொறுக்காது."

அத்தாயி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு கிலோவை ஊரெல்லாம் சொன்ன மனிதர். தரை தாங்கும் என்றவர். அவளுக்கு ராசிபுரம் சந்தைத் தெரு ஞாபகம் வந்தது. செல்வமாவது அந்நியன், நாலு அடி முன்னால் நடந்தான். அப்பா உட்கார்ந்த இடத்திலேயே அந்த நாலு அடியைப் போய்விட்டார்.

கலைச்செல்வி பொழுது சாய்கிற நேரத்தில் மாவுக் கொட்டகையிலிருந்து வந்தாள். அத்தாயி உறையைப் பிரித்து அடுப்பு மேட்டில் வைத்தாள். கலை பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முகம் வெளுத்தது.

"ரமேஷ்குமார் பண்ணுன வேலை அக்கா. நான் வேண்டாம்னுதான்..."

"அந்தப் படம் அவருகிட்ட நடந்து போச்சா?"

கலை உட்கார்ந்தாள். "உம் மூஞ்சியும் எம் மூஞ்சியும் ஒண்ணாட்டம் இருக்குதுன்னு அவருதான் சொன்னாரு. அதைப் பாத்துத்தான் கேட்டாரு."

"அவரு கேட்டாரு. நீ குடுத்தே."

"இந்தக் கவரு மலைக்கு வராதுன்னாருக்கா. சென்னைக்கும் பெங்களூருக்கும்தான்னு."

"அங்க இருக்கறவங்க சிரிச்சா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியாக்கும்."

அத்தாயி சட்டியிலிருந்த சோற்றை ஒரு தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தாள். பழக்கத்தில் ஒரு கரண்டி கூடவே விழுந்தது. கலை தட்டைத் தொடவில்லை.

"தின்னு."

"வேண்டாம். நாளைக்கு உக்காரோணும்."

"எத்தனை நாளாடி இது?"

"காலைல ஒரு டம்ளர் கஞ்சி. மத்தியானம் ரெண்டு வெள்ளரிக்கா. 'பின்பு'ல நிக்கறவ பின்பாட்டமே இருக்கோணும்ல." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அப்புறம், யாரும் கேட்காததை அவளாகவே சொல்லத் தொடங்கினாள். "அக்கா, எனக்கு ஆறாவது படிக்கறப்பவே பயம். எல்லாரும் சொல்லுவாங்க, சின்னவளும் பெரியவளாட்டமே வந்துருவான்னு. ஹாஸ்டல்ல ஒரு புள்ள உன்னைப் பாத்துட்டு ஒரு வாரம் எங்கிட்ட நடந்து காமிச்சா. நீ எப்படி நடப்பேன்னு. அதுக்கப்புறந்தான் நான் ஓடி வருவேன். நீ கேட்டுக்கு உள்ள வந்துரக்கூடாதுன்னு."

அத்தாயிக்குக் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உறையில் இருந்த படத்தைக்கூட அவள் மறந்துவிடுவாள் என்று தோன்றியது. அப்பா எடுத்து வைத்த ஒற்றைச் சாக்கையும் ஒருவேளை மறக்கலாம். ஆனால் தெருமுனையில் தலை தெரிந்ததும் ஓடிவந்த அந்தச் சின்னக் கால்களை அவள் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள். மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் பார்ப்பதற்கு என்று அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

"நாளைக்கு நான் சொல்றதை மட்டும் தடுக்காதக்கா. ஒரே ஒரு நாள். உம் பேரை நான் சொல்லிக்கறேன்" என்றாள் கலை.

அத்தாயி கரண்டியைக் கழுவி மாட்டினாள்.

விடிந்து வெளிச்சம் வந்ததும், அப்பா சாப்பாட்டுக்கு இலை அறுக்கக் காட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அவள் சுவரோரம் இருந்த சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். அரை மைல் ஏற்றம். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பரண் அடியில் கிடந்த இரண்டாவது சாக்கையும் ஏற்றிக்கொண்டாள். பூசாரி அண்ணாமலை மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். தராசு கட்டியாகியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தாயி இரண்டு சாக்கையும் அவிழ்த்து, சாமை கொட்டுகிற அம்மன் பலகையில் ஒரு மணி மிச்சமில்லாமல் கொட்டினாள். பலகை தரையில் அழுந்தி உட்கார்ந்தது. மறு பலகை ஆள் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி நின்றது.

"உக்கார்றதுக்கு முன்னாலயே கொட்டிட்டியே அத்தாயி" என்றார் பூசாரி.

"கொட்டுனது கொட்டுனதுதானுங்களே?"

"அம்மன் பலகைல விழுந்ததை மனுசக் கை எடுக்கறதில்லை. தெரியாதா உனக்கு."

"தெரிஞ்சுதானுங்க."

ஊர் கூடியது. ரமேஷ்குமார் வெள்ளைச் சட்டையும் கேமராவுமாக வந்தார். மஞ்சள் சேலையில் கலைச்செல்வி வந்தாள். உறையில் அத்தாயி கட்டியிருந்த அதே சேலை. பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள். செங்கோடன் அம்மன் பலகையில் குவிந்து கிடந்த சாமையைப் பார்த்தார், பிறகு அத்தாயியைப் பார்த்தார். அவள் அடுப்புக் கல் கூட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அவர் குனிந்து இரண்டு கையாலும் சாமையை அள்ளப் போனார்.

"செங்கோடா" என்றார் பூசாரி. கை நின்றுவிட்டது.

ரமேஷ்குமாருக்கு இந்த முறையெல்லாம் பிடிபடவில்லை. "அதுக்கென்னங்க, அந்தப் பலகை கீழயே இருக்கட்டும். இவங்க ஏறி உக்காரட்டும், நான் இவங்களை மட்டும் எடுத்துக்கறேன். இறகாட்டம் மேல இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

இரண்டு பேர் கலையைத் தூக்கி உயரத்தில் நின்ற பலகையில் உட்கார வைத்தார்கள். பலகை கொஞ்சம் ஆடிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. அவள் கால் இரண்டும் காற்றில் தொங்கின. ஒரு காலிலிருந்த செருப்பு கழன்று விழுந்தது.

பூசாரி தீபத்தைக் கையில் எடுத்தார். வழக்கப்படி கேட்டார். "பலகைல உக்காந்திருக்கறது யாரு? பேரு சொல்லு."

கலை கேமராவைப் பார்த்தாள். "அத்தாயி."

பெண்கள் தலையைத் திருப்பி அடுப்படியில் நின்ற அத்தாயியைப் பார்த்தார்கள்.

"அம்மனுக்குக் கேக்கலை."

"அத்தாயி" என்றாள் கலை, இன்னும் கொஞ்சம் உரக்க.

பூசாரி அண்ணாந்து தராசைப் பார்த்தார். "அத்தாயின்னா தராசு எறங்கோணுமே" என்றார்.

யாரோ ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். அது தொற்றிக்கொண்டு பரவியது. கலையின் கழுத்தெல்லாம் வியர்த்தது. அவள் இறங்கப் பார்த்தாள். "தராசு சமமாகாம காலைத் தரைல வெக்கக்கூடாது" என்று பூசாரி கையை நீட்டித் தடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் சொல்வதுதான், எப்போதும் அதற்குத் தேவை வந்ததில்லை. நேற்றிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லாத பெண் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். உதடு வறண்டு வெள்ளையாகிவிட்டது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அக்கா" என்றாள்.

தெருமுனையிலிருந்து ஓடிவரும்போதும் இப்படித்தான் கூப்பிடுவாள். அத்தாயி அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். அடுப்படியை விட்டு வந்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், பலகையின் கயிற்றை இரண்டு கையாலும் பற்றி, தோளையும் மார்பையும் பலகை மேல் சாய்த்து, தன் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறக்கினாள். பலகை இறங்கியது. இன்னும் இறங்கியது. எதிர்ப்பக்கம் சாமை தரையை விட்டு எழும்பியது. தராசுத் தண்டு நேராக நின்றது.

"இப்ப யாரு?" என்றார் பூசாரி.

"அத்தாயி" என்றாள் அவள்.

மணி அடித்தது. அம்சவேணிதான் முதலில் குலவை போட்டாள்.

கலை இறங்கி ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். ரமேஷ்குமார் கேமராவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே அத்தாயியிடம் வந்தார். "கடைசியில நீங்க வந்ததை மட்டும் வெட்டிருவோமுங்க. மத்ததெல்லாம் பரவாயில்ல."

அத்தாயி மடியிலிருந்து உறையை எடுத்து அவர் கேமராப் பையின் மேல் வைத்தாள். "இதுல இருக்கற என்னையும் வெட்டிருங்க. பேரையும். அது வரைக்கும் மாவு வறுக்க வேற ஆள் பாத்துக்கங்க."

அவர் குழுவிலிருந்த அம்சவேணியைப் பார்த்தார்.

"எங்களுக்கு அரைக்கத்தானுங்க தெரியும்" என்றாள் அம்சவேணி. "நாங்க வறுத்தா நீங்களே வாய்ல வெக்க மாட்டீங்க."

அவர் மத்தியானச் சோற்றுக்கு நிற்கவில்லை. கார் சத்தம் வளைவில் மறைந்தது.

சாமைச் சோறு வெந்து இறங்க உச்சிப் பொழுதாகிவிட்டது. ஊர் வழக்கப்படி யாருக்கு எடை போட்டதோ அவள்தான் பரிமாற வேண்டும். ஆளுக்கு இரண்டு கரண்டி. இலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். செங்கோடன் வந்தார். இலையை நீட்டியவர், "சாமி" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அத்தாயி இரண்டு கரண்டி போட்டாள். அவர் நகர்ந்துபோய் மரத்துக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தார்.

எல்லோருக்கும் கடைசியில் போலக் கலைச்செல்வி வந்தாள். சேலையை மாற்றியிருந்தாள். கண் சிவந்திருந்தது. சோற்று ஆவி முகத்தில் அடித்ததும் அவள் தொண்டை ஒருதடவை ஏறி இறங்கியது.

அத்தாயி ஒரு கரண்டி போட்டாள். இன்னொரு கரண்டி.

கலை இலையை எடுக்கவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருஷமாக அந்தக் கரண்டி அவளுக்கு மட்டும் மூன்றாவது தடவை வந்திருக்கிறது. கேட்காமலே வந்திருக்கிறது. அவள் காத்திருந்தாள்.

அத்தாயி கரண்டியை அண்டாவில் விட்டு, அவளுக்கு அடுத்து நின்ற அம்சவேணியைப் பார்த்தாள்.

"இலையை நீட்டு" என்றாள்.